கேம்பிரிட்ஜ் கல்லூரிகளும் தன்பாலீர்ப்பின் வரலாறும்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் 1209ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் நகரத்தாரோடு ஏற்பட்ட மோதலுக்குப் பின் அங்கிருந்து வெளியேறிய அறிஞர்கள் கேம் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் கல்லூரியான பீட்டர்ஹவுஸ் 1284இல் நிறுவப்பட்டது. இன்று கல்லூரிகள் 31. தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதும் பல்கலைக்கழகத்தின் வேலை. உண்பது, உறங்குவது, தொழுவது, நட்புக் கொள்வது, பகை வளர்ப்பது எல்லாம் கல்லூரியின் மதிலுக்குள். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிச் சொத்து, தனி விதிகள், தனி நூலகம், தனிச் சமையற்கட்டு; பழைய கல்லூரிகளுக்குத் தனித் தேவாலயமும் உண்டு. தன்பாலீர்ப்பாளரின் வரலாறு இங்கே எடுத்த வடிவத்துக்கு இந்த அமைப்பே முதற்காரணம். கல்லூரி அவர்களில் சிலருக்கு ஒதுங்க இடம் கொடுத்தது. அந்த இடத்தைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பதையும் அதுவே பழக்கியது.

கல்லூரியின் முழு உறுப்பினர்களான ஃபெல்லோக்கள் மணமாகாதவர்களாக இருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. திருமணம் செய்துகொண்டவர் பதவியை இழந்தார்; கல்லூரித் தலைவருக்கு மட்டும் விலக்கு உண்டு. 1860களில் ஓரிரு கல்லூரிகள் இதைத் தளர்த்தின. 1882இல் புதிய விதிகள் வந்த பிறகே தடை பொதுவாக நீங்கியது. அதாவது, ஐரோப்பா முழுவதும் குடும்பமே ஆணின் இயல்பான இடம் என்று கருதப்பட்ட காலத்தில், இங்கே பிரம்மச்சரியம் வேலைக்கான தகுதி. ஐம்பது வயதில் தனியாக வாழும் ஆணைப் பார்த்து ஏன் மணம் முடிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கிங்ஸ் கல்லூரியில் இந்த ஒதுக்கம் இன்னும் அடர்த்தி. 1441இல் ஆறாம் ஹென்றி நிறுவிய அக்கல்லூரி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, ஈட்டன் பள்ளியிலிருந்து வந்த பையன்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. பன்னிரண்டு வயதில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள் எழுபது வயதில் ஒரே மேசையில் உண்டார்கள்.

கட்டடங்களும் இதற்கு இசைவாகவே இருந்தன. கல்லூரி அறைகள் நீண்ட தாழ்வாரங்களில் வரிசையாக அமையவில்லை. முற்றத்திலிருந்து ஏறும் ஒவ்வொரு படிக்கட்டிலும் சில அறைத்தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு கதவு, வெளியே கனமான மற்றொரு கதவு. அந்த வெளிக்கதவுக்கு ‘ஓக்’ என்று பெயர். அது சாத்தியிருந்தால் உள்ளே இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது எழுதப்படாத விதி. இரவில் கல்லூரியின் பெரிய வாசல் பூட்டப்படும். மாணவர் எல்லாரும் உள்ளே. பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு அலுவலர்களான பிராக்டர்கள் இரவில் தெருக்களைச் சுற்றி வந்தார்கள். அவர்கள் தேடியது பெண்களை. மாணவரோடு நடந்துபோகும் பெண் மீது சந்தேகம் வந்தால், பல்கலைக்கழகமே நடத்திய ஸ்பின்னிங் ஹவுஸ் என்ற சிறையில் அவளை அடைக்க அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. 1894இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித்தான் அந்த அதிகாரம் பறிக்கப்பட்டது. நகரத்து ஏழைப் பெண் சிறைக்குப் போன அதே இரவுகளில், இரண்டு மாணவர் ஓர் அறையில் விடிய விடியப் பேசிக்கொண்டிருப்பது நற்பழக்கமாக மதிக்கப்பட்டது.

சட்டமோ வெளியே காத்திருந்தது. எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1533இல் இயற்றப்பட்ட சட்டம் ஆணோடு ஆண் உறவு கொள்வதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இக்குற்றத்துக்காக இங்கிலாந்தில் கடைசியாக இருவர் தூக்கிலிடப்பட்டது 1835இல். மரண தண்டனை நீங்கியது 1861இல்.

பழைய நூற்றாண்டுகளைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இன்றைய அடையாளப் பெயர்களை அன்றைய மனிதர்மீது ஒட்டுவது எளிது. அவர்கள் தம்மை அப்படி எண்ணியிருக்க மாட்டார்கள். நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் படித்து 1587இல் முதுகலைப் பட்டம் பெற்றவர். அரசன் ஒருவனுக்கும் அவன் நேசித்த ஆணுக்கும் இடையேயான பிணைப்பை மையமாகக் கொண்ட ‘இரண்டாம் எட்வர்டு’ அவர் எழுதிய நாடகம். இதை வைத்து மார்லோவின் படுக்கையறையை ஊகிப்பதில் பயனில்லை. இப்படி ஒரு நாடகத்தை எழுதலாம், மேடையேற்றலாம், அச்சிடலாம் என்று அன்றைய ஆங்கில உலகம் அனுமதித்தது என்பதே பொருளுள்ள செய்தி. மன்னர் முதலாம் ஜேம்ஸின் பேரன்புக்குரியவராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன் ஜார்ஜ் வில்லியர்ஸ், 1626இல் இதே பல்கலைக்கழகத்தின் வேந்தராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவர்மீது நாடாளுமன்றத்தில் குற்றச்சாட்டு விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதற்கான காரணம் அரசியல், அவருடைய காதல் அல்ல.

இக்காலத்தின் மிகத் தெளிவான சான்று கிறைஸ்ட்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் இருக்கிறது. ஜான் ஃபிஞ்ச், தாமஸ் பெய்ன்ஸ் என்ற இருவரும் அக்கல்லூரியில் தத்துவ அறிஞர் ஹென்றி மோரிடம் பயின்றவர்கள். சேர்ந்தே இத்தாலி சென்று மருத்துவம் கற்றார்கள். ஃபிஞ்ச் ஆட்டோமான் பேரரசுக்கு ஆங்கிலத் தூதராகப் போனபோது பெய்ன்ஸும் உடன் போனார். 1681இல் பெய்ன்ஸ் கான்ஸ்டான்டினோபிளில் இறந்தார். ஃபிஞ்ச் அவருடைய உடலைப் பதப்படுத்தித் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டே தாமும் இறந்தார். இருவரும் ஒரே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களுக்கான சலவைக்கல் நினைவுச் சின்னம் ஒன்றே. அதில் இருவர் முகங்களும் உண்டு, முடிச்சிட்ட துணி ஒன்றும் செதுக்கப்பட்டுள்ளது. வரலாற்றாசிரியர் ஆலன் பிரே 2003இல் வெளிவந்த தம் நூலில் இச்சின்னத்தை விரிவாக ஆராய்ந்தார். இரண்டு ஆண்கள் தம் வாழ்நாள் பிணைப்பைத் தேவாலயத்தின் சாட்சியோடு அறிவித்துக்கொள்ளும் மரபு ஒன்று இருந்தது என்பது அவர் முடிவு. அந்தப் பிணைப்பில் உடலுறவு இருந்ததா என்ற கேள்விக்குக் கல்லறை விடை சொல்லாது. மறைக்க வேண்டிய ஒன்றாக அதை அக்கல்லூரி நினைக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வெளிப்படைத்தன்மை குறைந்தது. 1805இல் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்த பைரன், அங்கே தேவாலயப் பாடகனான ஜான் எடில்ஸ்டன் என்ற சிறுவனை நேசித்தார். 1811இல் எடில்ஸ்டன் இறந்ததும் அவர் எழுதிய இரங்கற் கவிதைகள் ‘தீர்ஸா’ என்ற பெண் பெயரில் வெளிவந்தன. அதே கல்லூரியில் படித்த டென்னிசன், 1833இல் இறந்த நண்பர் ஆர்தர் ஹாலமுக்காகப் பதினேழு ஆண்டுகள் எழுதிச் சேர்த்த நெடும்பாடல் 1850இல் வெளியாகி நாட்டின் துயர நூலாகவே ஆனது. விக்டோரியா மகாராணி அதை ஆறுதலுக்காகப் படித்தார். ஆண் நட்பின் மொழி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அன்றைய எல்லை அது: மரணத்துக்குப் பின், துயரத்தின் பெயரால், எதையும் சொல்லலாம்.

டென்னிசனும் ஹாலமும் சேர்ந்திருந்த சிறு குழு ஒன்று இவ்வரலாற்றின் நடுவே நிற்கிறது. 1820இல் தொடங்கிய அந்த உரையாடல் சங்கம் ‘அப்போஸ்தலர்கள்’ என்ற பட்டப்பெயரால் அறியப்படுகிறது. உறுப்பினர் யார் என்பதே இரகசியம். சனிக்கிழமை இரவுகளில் கூடுவார்கள், ஒருவர் கட்டுரை படிப்பார், மற்றவர்கள் வாதிடுவார்கள், ரொட்டியின் மேல் மத்தி மீன் வைத்துத் தின்பார்கள். எதையும் சொல்லலாம், சொன்னது வெளியே போகக் கூடாது என்பதே விதி. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரேக்க மொழியும் பிளேட்டோவும் ஆங்கிலப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தில் மையமாகின. ஆணுக்கு ஆண் மீது எழும் காதலைத் தத்துவத்தின் வாசலாகப் போற்றும் நூல்களைத் தேர்வுக்காகப் படிக்க வேண்டியிருந்தது. அந்த இடங்களைத் தாண்டிச் செல்லுமாறு ஆசிரியர் மாணவரிடம் சொல்லும் காட்சி ஒன்று ஈ. எம். ஃபார்ஸ்டரின் ‘மாரிஸ்’ நாவலில் உண்டு. பாடமாக வைத்துக்கொண்டே கண்ணை மூடிக்கொள்ளும் கேம்பிரிட்ஜின் பழக்கத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

கண்ணை மூட மறுத்தவர் எட்வர்டு கார்பென்டர். 1844இல் பிறந்த இவர் டிரினிட்டி ஹால் கல்லூரியில் படித்து, எழுத்தாளர் லெஸ்லி ஸ்டீபன் விட்டுச்சென்ற ஃபெல்லோ பதவியைப் பெற்றார், பாதிரியாராகவும் ஆனார். வால்ட் விட்மனின் கவிதைகள் அவரை மாற்றின. 1874இல் கல்லூரியையும் திருச்சபையையும் ஒருசேரத் துறந்து வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் உழைப்பாளர்களுக்கு வகுப்பெடுக்கப் போனார். பிறகு ஷெஃபீல்டுக்கு அருகே மில்தார்ப் என்ற சிற்றூரில் காய்கறி பயிரிட்டும் செருப்புத் தைத்தும் வாழ்ந்தார். ஷெஃபீல்டின் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்த ஜார்ஜ் மெரில் 1898 முதல் அங்கே அவரோடு வாழ்ந்தார். ஒரு முன்னாள் ஃபெல்லோவும் ஓர் உழைப்பாளியும் ஒரே வீட்டில், ஊர் பார்க்க, முப்பது ஆண்டுகள். கல்லூரி மதிலின் பாதுகாப்பு எதுவும் அவர்களுக்கு இல்லை.

கார்பென்டரின் சிந்தனையில் தமிழர் ஒருவருக்கும் பங்குண்டு. கொழும்பில் 1853இல் பிறந்த பொன்னம்பலம் அருணாசலம் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் படித்தபோது கார்பென்டருக்கு நண்பரானார். பகவத் கீதையை அவருக்கு அறிமுகப்படுத்தியவரும் அருணாசலமே. 1890இல் கார்பென்டர் இலங்கைக்கு வந்தார். குருநாகலில் நீதிபதியாக இருந்த நண்பரின் ஏற்பாட்டில், இராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் வாரக்கணக்கில் சைவ மெய்ப்பொருள் கேட்டார். அங்கிருந்து தென்னிந்தியக் கோயில்களையும் பார்த்துத் திரும்பி, 1892இல் பயண நூல் ஒன்றை வெளியிட்டார். உடலை இழிவென்று கருதும் கிறித்தவ மரபிலிருந்து விலகுவதற்கு அவருக்குக் கிடைத்த துணைகளில் இப்பயணமும் ஒன்று. தன்பாற்காதல் இயற்கையின் ஒரு வகையே என்று வாதிடும் சிறுநூலை அவர் தனிச் சுற்றுக்கு அச்சிட்டது இப்பயணத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1895இன் தொடக்கத்தில். அவ்வாண்டு மே மாதம் ஆஸ்கர் வைல்டு இரண்டாண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அச்சமடைந்த லண்டன் பதிப்பாளர் கார்பென்டரின் அடுத்த நூலைக் கைவிட்டார். ஆயினும் 1908இல் ‘இடைநிலைப் பாலினம்’ என்ற நூலைக் கார்பென்டர் வெளிப்படையாகவே வெளியிட்டார்.

வைல்டைத் தண்டித்தது 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. ஆண்களுக்கிடையேயான எந்த உடல் நெருக்கத்தையும் ‘கடும் ஒழுக்கக்கேடு’ என்று வழக்காக்க அது வழிவிட்டது. தனியறையும் அதற்கு விலக்கல்ல. இந்தியாவுக்கான சட்டத்திலும் கேம்பிரிட்ஜின் கை இருந்தது. டிரினிட்டியின் ஃபெல்லோவாக இருந்த மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் வரைந்து கொடுத்த தண்டனைச் சட்டமே, பலமுறை திருத்தப்பட்டு, 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டமானது. அதன் 377ஆம் பிரிவு 2018 வரை இந்தியத் தன்பாலீர்ப்பாளர்மீது தொங்கியது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமும் அதையே பின்பற்றியது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகள் கிங்ஸ் கல்லூரியின் காலம். அங்கே வரலாறு கற்பித்த கோல்ட்ஸ்வர்த்தி லோஸ் டிக்கின்சன் பிளேட்டோவின் வழியே தலைமுறைகளை உருவாக்கினார். ஃபார்ஸ்டர் 1897இல் கிங்ஸில் சேர்ந்து 1901இல் அப்போஸ்தலர் ஆனார். பின்னாளில் எழுத்தாளர்களான டிரினிட்டியின் லிட்டன் ஸ்டிரேச்சியும் லெனர்டு வுல்ஃபும் அடுத்த ஆண்டு அச்சங்கத்துக்கு வந்தார்கள்; பின்னாளில் பொருளியலாளரான கிங்ஸின் ஜான் மேனார்டு கெய்ன்ஸ் 1903இல் வந்தார். ஸ்டிரேச்சியும் கெய்ன்ஸும் தம் காதல்களைப் பற்றி ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களில் வெட்கமும் இல்லை, குற்றவுணர்வும் இல்லை. பொறாமை மட்டும் நிறைய உண்டு. 1905இல் ஆர்தர் ஹாப்ஹவுஸ் என்ற புதிய மாணவருக்காக இருவரும் போட்டியிட்டார்கள். பின்னர் ஓவியர் டங்கன் கிராண்ட் ஸ்டிரேச்சியை விட்டுக் கெய்ன்ஸோடு சேர்ந்தார். தன்பாற்காதலே உயர்ந்த காதல் என்று இவர்கள் பேசிக்கொண்டதில் பெண்களைப் பற்றிய இளக்காரமும் கலந்திருந்தது. அதை விட்டுவிட்டு இவர்களை வெறும் விடுதலை வீரர்களாகச் சித்திரிப்பது நேர்மையாகாது.

இந்தக் கடிதங்களில் கணிசமானவை யாழ்ப்பாணத்துக்கு வந்தன. லெனர்டு வுல்ஃப் இலங்கை ஆட்சிப் பணியில் சேர்ந்து 1904 இறுதியில் கொழும்பில் இறங்கினார்; கையில் ஒரு நாயும் வால்டேரின் தொண்ணூறு தொகுதிகளும். 1905 ஜனவரி முதல் 1907 வரை யாழ்ப்பாணத்தில் பணி. வுல்ஃப் பெண்களை விரும்பியவர். ஆனாலும் நண்பர்களின் நம்பிக்கைக்குரியவர். பகலில் கச்சேரியில் தமிழ் விவசாயிகளின் மனுக்களை விசாரித்துவிட்டு, மாலையில் ஸ்டிரேச்சி எழுதிய கேம்பிரிட்ஜ்க் காதல் செய்திகளைப் படித்தார். தம் சலிப்பையும் தனிமையையும் பதிலாக எழுதினார். தபாலில் ஓர் உறை பிரிந்து தவறான கைக்குப் போயிருந்தால் ஸ்டிரேச்சியின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை நினைத்தால், அந்த நட்பின் அழுத்தம் புரியும்.

தமிழ் வாசகர் இங்கே ஜி. எச். ஹார்டியை நினைப்பது இயல்பு. இராமானுஜனை 1914இல் டிரினிட்டிக்கு வரவழைத்த அக்கணித மேதை மணமாகாதவர், அப்போஸ்தலர். அவர் தன்பாலீர்ப்பாளர், ஆனால் உறவில் ஈடுபடாதவர் என்று நெருங்கிய சகா லிட்டில்வுட் கருதியதாக இராமானுஜன் வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. இதை இராமானுஜனோடு சேர்த்துக் கதை பின்னுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

1913 செப்டம்பரில் ஃபார்ஸ்டர் மில்தார்ப்புக்குப் போனார். அங்கே மெரில் தம்மைத் தொட்டதிலிருந்தே ‘மாரிஸ்’ பிறந்தது என்று பின்னாளில் எழுதினார். 1914க்குள் நாவல் முடிந்தது. கேம்பிரிட்ஜில் தொடங்கும் அக்கதையில், சக மாணவனிடம் பிளேட்டோனியக் காதலைக் கற்ற நாயகன், அவனால் கைவிடப்பட்டு, பண்ணைக் காவலன் ஒருவனிடம் நிறைவடைகிறான். சோக முடிவு வைத்திருந்தால் அச்சிட்டிருக்கலாம். மகிழ்ச்சியான முடிவு வேண்டும் என்பதில் ஃபார்ஸ்டர் பிடிவாதமாக இருந்தார். அதனாலேயே நாவல் பெட்டிக்குள் போனது. 1924இல் வந்த ‘இந்தியாவுக்கு ஒரு பயணம்’ நாவலை அவர் காணிக்கையாக்கியது தம் இந்திய நண்பர் சையத் ராஸ் மசூதுக்கு. தம் காதலுக்கு அவரிடம் அதே வகையில் பதில் கிடைக்காதபோதும் அந்த நட்பு நீடித்தது. 1946இல் கிங்ஸ் கல்லூரி ஃபார்ஸ்டரைக் கௌரவ ஃபெல்லோவாக்கிக் குடியிருக்க அறையும் கொடுத்தது. 1970இல் இறக்கும்வரை அதுவே அவர் வீடு. ‘மாரிஸ்’ 1971இல் வெளிவந்தது.

பெண்களின் வரலாற்றுக்கு இத்தனை தாள் கிடையாது. கர்ட்டன் கல்லூரி 1869இலும் நியூன்ஹாம் 1871இலும் தொடங்கின. ஆனால் பெண்களுக்கு முழுப் பட்டம் கிடைத்தது 1948இல். 1921இல் அக்கோரிக்கை தோற்றபோது வெற்றிக் களிப்பில் ஆண் மாணவர்கள் நியூன்ஹாமின் வாசற்கதவைச் சிதைத்தார்கள். பெண்களுக்கிடையேயான உறவு இங்கிலாந்தில் குற்றமாக்கப்பட்டதில்லை. அதே 1921இல் குற்றமாக்க எடுத்த முயற்சி பிரபுக்கள் சபையில் வீழ்ந்தது. அப்படியொன்று உண்டென்று பெண்களுக்குத் தெரியவே கூடாது என்பது அதை எதிர்த்தவர்களின் வாதம். வழக்கு இல்லாததால் நீதிமன்றப் பதிவும் இல்லை. எஞ்சியவை நாட்குறிப்புகள். கர்ட்டனின் முதல் மாணவிகளில் ஒருவரும் லண்டன் வெஸ்ட்ஃபீல்டு கல்லூரியை நிறுவியவருமான கான்ஸ்டன்ஸ் மேனார்டு, பெண்கள்மீது தமக்கிருந்த பேரன்பையும் அதோடு தம் மதநம்பிக்கை நடத்திய போராட்டத்தையும் பல ஆண்டுகள் எழுதிவைத்தார்.

நியூன்ஹாமின் புகழ்பெற்ற கிரேக்கச் சமய ஆய்வாளர் ஜேன் ஹாரிசனோ எதையும் விட்டுவைக்கவில்லை. 1922இல் கேம்பிரிட்ஜை விட்டுப் போகும்போது தம் கடிதங்களை எரித்துவிட்டார். மாணவியாக வந்து துணையாக மாறிய ஹோப் மிர்லீஸோடு முதலில் பாரிஸிலும் பின்பு லண்டனிலும் 1928இல் இறக்கும்வரை வாழ்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில் வர்ஜீனியா வுல்ஃப் நியூன்ஹாமிலும் கர்ட்டனிலும் பேசினார். அடுத்த மாதம் ராட்க்ளிஃப் ஹாலின் ‘தனிமையின் கிணறு’ நாவல் ஆபாசமென்று தடை செய்யப்பட்டது. வுல்ஃபின் உரைகள் 1929இல் நூலானபோது, ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து வேலை செய்யும் இரு பெண்கள் ஒருவரையொருவர் விரும்புவதைச் சொல்லுமுன், அத்தடையை விதித்த நீதிபதி திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாரா என்று கேட்கும் பகுதி அதில் இடம்பெற்றது. கர்ட்டன் மாணவிகள் சிரித்திருப்பார்கள். அவர்களில் பலர், அக்கல்லூரியின் பழைய மாணவி ரோஸமண்ட் லேமன் ஒரு மாணவி மற்றொருத்தியை நேசிப்பதை வைத்து எழுதிய நாவலை 1927இலேயே படித்திருப்பார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காவல்துறையின் வேட்டை கடுமையானது. கல்லூரி வளர்த்த ஒருவர் அதன் மதிலுக்கு வெளியே எப்படி நொறுங்கினார் என்பதற்கு ஆலன் டூரிங்கே சான்று. 1931இல் கிங்ஸில் சேர்ந்த அவர் 1935இல், 22 வயதில், ஃபெல்லோ ஆனார். அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரை கணினியியலின் அடித்தளம். போர்க்காலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியச் சங்கேதங்களை உடைத்தார். கிங்ஸில் தம் விருப்பத்தை நண்பர்களிடம் ஒளிக்காமல் பேசிப் பழகியவர், மான்செஸ்டரில் 1952இல் தம் வீட்டில் நடந்த திருட்டைப் புகார் செய்யப்போய், விசாரித்த காவலரிடமும் அதே வெகுளித்தனத்தோடு பேசினார். 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் பதிலாக ஓராண்டு பெண் ஹார்மோன் மருந்து. 1954 ஜூன் 7 அன்று சயனைடு நஞ்சால் இறந்தார். அரசு 2009இல் மன்னிப்புக் கேட்டது. 2013இல் அரச மன்னிப்பு வந்தது. ஏற்கெனவே இறந்துபோன மற்ற ஆயிரக்கணக்கானோருக்கும் அது 2017இல் நீட்டிக்கப்பட்டது. 2021 முதல் 50 பவுண்டு நோட்டில் அவர் முகம்.

1951இல் கை பர்ஜெஸ் மாஸ்கோவுக்குத் தப்பியோடியது நிலைமையை மோசமாக்கியது. அவர் டிரினிட்டி மாணவர், அப்போஸ்தலர், தன்பாலீர்ப்பாளர், சோவியத் உளவாளி. 1979இல் அம்பலமான கலை வரலாற்றாசிரியர் ஆந்தனி பிளண்டும் அப்படியே. கேம்பிரிட்ஜ், தன்பாற்காதல், துரோகம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லப் பத்திரிகைகள் பழகின. உளவாளிகளில் பெண்களை விரும்பியவர்களும் இருந்தார்கள் என்பது எவருக்கும் தேவைப்படவில்லை.

அரசு அமைத்த வுல்ஃபெண்டன் குழு 1957இல், வயதுவந்த ஆண்களின் தனியுறவைக் குற்றமாகக் கருதக் கூடாது என்று பரிந்துரைத்தது. அரசு அதை அலமாரியில் வைத்தது. பெம்பிரோக் கல்லூரியில் படித்த ஏ. இ. டைசன் என்ற இலக்கிய ஆசிரியர், புகழ்பெற்றவர்களின் கையெழுத்துகளைத் திரட்டி 1958 மார்ச்சில் ‘டைம்ஸ்’ இதழில் கடிதம் வெளியிட்டார். அதிலிருந்தே சட்டத் திருத்தச் சங்கம் உருவானது. மாட்லின் கல்லூரியின் பழைய மாணவரான பேராயர் மைக்கேல் ராம்சேயும் பிரபுக்கள் சபையில் திருத்தத்தை ஆதரித்தார். 1967இல் சட்டம் மாறியது.

அந்த மாற்றம் மாணவர்களை எட்டவில்லை என்பது பலமுறை மறக்கப்படுகிறது. புதிய சட்டம் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே; மூன்றாமவர் இருந்தால் அது தனிமையாகாது. 1970 முதல் 18 வயதே வயதுவந்தோர் வயது என்று ஆனதும் கல்லூரிகள் பெற்றோர் நிலையிலிருந்து விலகின. இரவுப் பூட்டு தளர்ந்தது. ஆனாலும் 19 வயது மாணவன் இன்னொரு மாணவனோடு உறவு கொண்டால் 1994 வரை குற்றவாளியே. அவ்வாண்டு வயது வரம்பு 18ஆகக் குறைந்தது. 2001இல்தான் எல்லாருக்கும் சமமாக 16 ஆனது. 1970களில் மாணவர் அமைப்புகள் வெளிப்படையாக இயங்கியது, உறுப்பினர்களில் பலரின் காதல் சட்டவிரோதமாக இருந்த சூழலில்தான். 1972இல் கிங்ஸ், கிளேர், சர்ச்சில் ஆகியவை பெண்களைச் சேர்த்தன; 1988இல் மாட்லின் கடைசியாகச் சேர்த்தது. ஆண்கள் மட்டுமே வாழ்ந்த கல்லூரி என்ற அமைப்பு அத்தோடு முடிந்தது. அதே 1988இல் தாட்சர் அரசு, உள்ளாட்சிகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிப்பதை’த் தடுக்கும் 28ஆம் பிரிவைக் கொண்டுவந்தது. 2003 வரை அது நீடித்தது.

பழைய தலைமுறையைப் பற்றிய உண்மை வெளிவந்ததும் இந்தக் காலத்தில்தான். ஃபார்ஸ்டர் 1934இல் எழுதிய டிக்கின்சன் வாழ்க்கை வரலாற்றில் அவருடைய காதல்கள் இல்லை. டிக்கின்சனே எழுதிவைத்த தன்வரலாறு 1973இல் அச்சேறியது. ராய் ஹாரடு 1951இல் எழுதிய கெய்ன்ஸ் வரலாறும் மௌனமே. 1967இல் தொடங்கி வெளிவந்த மைக்கேல் ஹோல்ராய்டின் ஸ்டிரேச்சி வரலாறு அம்மௌனத்தை உடைத்தது. ஸ்கிடெல்ஸ்கியின் கெய்ன்ஸ் வரலாற்று முதல் தொகுதியும், ஓரினக் காதலர் விடுதலை இயக்கத்தில் இயங்கிய கணித அறிஞர் ஆண்ட்ரூ ஹாட்ஜஸின் டூரிங் வரலாறும் 1983இல் வந்தன. இவற்றுக்கு வேண்டிய தாள்களில் பெரும்பங்கு கிங்ஸ் கல்லூரி ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது: ஃபார்ஸ்டரின் கையெழுத்துப் படிகள், கெய்ன்ஸின் கடிதங்கள், டூரிங்கின் தாள்கள். கெய்ன்ஸ் தம் உறவுகளைக் குறித்துவைத்த பட்டியல்கூட அங்கே உண்டு. எரிக்காமல் வைத்திருந்ததே அக்கல்லூரி செய்த ஆகப்பெரிய உதவி. ஆனால் அங்கே இருப்பது எழுதத் தெரிந்தவர்களின், எழுதியதைப் பாதுகாக்க ஆளிருந்தவர்களின் வரலாறு. அறைகளைக் கூட்டிப் பெருக்கி எல்லாவற்றையும் அறிந்திருந்த பெட்மேக்கர்கள், சமையற்காரர்கள், படகுத்துறை ஆட்கள், பாடகச் சிறுவர்கள் எதையும் எழுதவில்லை. அவர்களில் யார் யாரை நேசித்தார்கள் என்பதற்குக் காப்பகத்தில் பெட்டி இல்லை.

திருநரின் இடம் இன்னும் அண்மையில்தான் பேசப்படுகிறது. 2004இல் பாலின அங்கீகாரச் சட்டம் வந்தது. பெண்களுக்கான மரே எட்வர்ட்ஸ் கல்லூரி, தம்மைப் பெண்ணாக அடையாளப்படுத்துவோர் விண்ணப்பிக்கலாம் என்று 2017இல் அறிவித்தது. எதிர்ப்பும் வந்தது, விவாதம் இன்னும் ஓயவில்லை. 2018இல் பல்கலைக்கழகம் பால்புதுமையினர் ஆய்வுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2024 ஜனவரியில் டூரிங்குக்கான ஆந்தனி கோர்ம்லியின் எஃகுச் சிற்பம் கிங்ஸ் கல்லூரியில் நிறுவப்பட்டது. பழைய கட்டடங்களின் தோற்றத்துக்கு அது பொருந்தாது என்று பாரம்பரியச் சின்னங்களுக்கான அரசு அமைப்பு முன்பு ஆட்சேபித்திருந்தது.

2025 ஜூலையில் பல்கலைக்கழகம் தன் புதிய வேந்தராகக் கிறிஸ் ஸ்மித்தைத் தேர்ந்தெடுத்தது. பெம்பிரோக் கல்லூரியில் படித்து, பின் அதன் தலைவராகவும் இருந்த அவர், 1984இல் பதவியில் இருந்துகொண்டே தாம் தன்பாலீர்ப்பாளர் என்று தாமாக முன்வந்து அறிவித்த முதல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்.